திரு.வி.க. நகரும் ரிப்பன் மாளிகை நடைபாதையும்



சென்னை நகரில் சமூக நீதிக்காக நடந்த போராட்டங்கள் என்ற பொருளில் பேசும்படி பணித்தார்கள். கடல்போல் விரிந்த பொருள். ஒரு நூற்றாண்டுக் கதையை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனால் எதுவும் மனத்தில் தங்காது. ஆகவே ஒரே ஒரு நடைபாதையை எடுத்துக்கொள்கிறேன். சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அருகில், பெரியார் ஈ.வெ.ரா. நெடுஞ்சாலையில், மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகையின் மதிலை ஒட்டியுள்ள நடைபாதை அது.

2025 ஆகஸ்ட் 1ஆம் தேதி அங்கே தூய்மைப் பணியாளர்கள் வந்து உட்கார்ந்தார்கள். பெருநகர சென்னை மாநகராட்சியின் 5ஆவது மண்டலமான இராயபுரத்திலும், 6ஆவது மண்டலமான திரு.வி.க. நகரிலும் வேலை பார்த்தவர்கள். இரண்டு மண்டலத்திலும் சேர்த்துச் சுமார் 2,000 பேர். பல ஆண்டுகளாகத் தற்காலிகப் பணியாளர்களாகவே மாநகராட்சியிடம் நேரடியாகக் கூலி வாங்கியவர்கள். அந்த மண்டலங்களின் குப்பை அள்ளும் பணியைத் தனியார் நிறுவனத்திடம் ஒப்படைத்ததும், இனி அந்த நிறுவனத்தில் போய்ச் சேர்ந்துகொள்ளுங்கள் என்று சொல்லப்பட்டது. மாதம் ஏறத்தாழ 23,000 ரூபாய் பார்த்த இடத்தில் 17,000 ரூபாய்கூடத் தேறாது என்று அவர்கள் கணக்குச் சொன்னார்கள். பணத்தைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. மாநகராட்சி ஊழியர் என்று என்றைக்காவது நிரந்தரம் ஆவோம் என்ற நம்பிக்கையில்தான் பெருந்தொற்றுக் காலத்திலும், புயல் வெள்ளத்திலும் சேற்றில் இறங்கினார்கள். அந்த நம்பிக்கையின் கதவு சாத்தப்பட்டுவிட்டது.

அங்கே இருந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். பெரும்பாலோர் தலித் மக்கள். பந்தல் கிடையாது. மேடை கிடையாது. பகல் வெயில், இடையிடையே மழை. பழைய பிளக்ஸ் பேனரை விரித்து அதன்மேல் உட்கார்ந்திருந்தார்கள். மழை வந்தால் அதையே எடுத்துத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டார்கள். பேருந்தில் போகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள். சிலர் இறங்கி வந்து தண்ணீர்ப் பாட்டில் கொடுத்தார்கள். இரவில் அங்கேயே படுத்தார்கள். நகரம் விழிப்பதற்கு முன்பே எழுந்து துடைப்பத்தைக் கையில் எடுக்கிற பெண்களுக்கு அந்தச் சாலையின் விடியற்காலை புதிதல்ல. அந்தச் சாலையில் தங்களுக்காக உட்கார்ந்ததுதான் புதிது.

ஆகஸ்ட் 13ஆம் தேதி உயர் நீதிமன்றம், நடைபாதையை மறித்துப் போராட அனுமதியில்லை, சட்டப்படி அனுமதிக்கப்பட்ட இடத்துக்குப் போகட்டும் என்று உத்தரவிட்டது. அன்று நள்ளிரவு நெருங்கும்போது காவல்துறை வந்தது. பெண்களைத் தூக்கிப் பேருந்துகளில் ஏற்றினார்கள். துணைக்கு நின்ற வழக்கறிஞர்களும் சட்ட மாணவர்களும் பிடித்துச் செல்லப்பட்டார்கள். அவர்களை விடுவிக்க ஆட்கொணர்வு மனுப் போட வேண்டியிருந்தது. மறுநாள் அமைச்சரவை கூடித் தூய்மைப் பணியாளர்களுக்குக் காலை உணவு, காப்பீடு முதலிய நலத்திட்டங்களை அறிவித்தது. அந்தப் பெண்கள் காலை உணவு கேட்டு உட்காரவில்லை. வேலை யாருடையது, முதலாளி யார் என்ற கேள்வியைத்தான் கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு அந்த அறிவிப்பில் பதில் இல்லை.

இந்தச் செய்திகளைப் படித்த நாட்களில் என்னை உறங்கவிடாமல் செய்தது அந்த மண்டலத்தின் பெயர்தான். திரு.வி.க. நகர். இந்த நகரின் தொழிலாளர்கள் முதன்முதலில் சங்கமாகக் கூடியபோது அவர்களுக்குத் துணைத் தலைவராக இருந்தவரின் பெயர் அது. அதே மண்டலத்துக்குள்தான் பெரம்பூரும் புளியந்தோப்பும் பட்டாளமும் இருக்கின்றன. இந்தியத் தொழிற்சங்க இயக்கத்தின் முதல் அத்தியாயம் எழுதப்பட்ட தெருக்கள் இவை. ஆகவே அங்கிருந்து தொடங்கினால்தான் நடைபாதையில் நடந்தது என்னவென்று விளங்கும்.

பெரம்பூரில் பின்னி கம்பெனியின் பக்கிங்காம் மில்லும் கர்நாட்டிக் மில்லும் இருந்தன. 1870களின் பிற்பகுதியிலும் 1880களின் தொடக்கத்திலும் எழுந்தவை. வடசென்னைக்காரர்களுக்கு அவை வெறும் 'மில்லு'. சங்கு ஊதினால் ஊரே நேரம் தெரிந்துகொள்ளும். சில நிமிடம் தாமதமாக வந்தாலும் கூலி பிடித்தம். மத்தியானம் சாப்பிட விடுகிற நேரமோ, கை கழுவி, சோற்றை விழுங்கி, ஓடி வருவதற்கே போதாது. மேஸ்திரியின் வசவும் அடியும் தனி. இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அங்கே கடை வைத்திருந்த செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும். சாமான் வாங்க வருகிற தொழிலாளி சொல்லும் குறை அவர்களை உறுத்தியது. ஸ்ரீ வெங்கடேச குணாமிர்தவர்ஷிணி சபை என்று அவர்கள் நடத்திவந்த பக்தி சபைக்குத் திரு.வி.க. பேச வந்தார். பஜனையும் சமயப் பேச்சும் நடந்த சபையில் கூலியைப் பற்றியும் வேலை நேரத்தைப் பற்றியும் பேச்சு எழுந்தது. நம்முடைய தொழிற்சங்கம் வெளிநாட்டுப் புத்தகத்திலிருந்து இறங்கி வந்ததாகச் சொல்கிறவர்கள், அது ஒரு கடைத் திண்ணையிலும் பஜனைச் சபையிலும் கருக்கொண்டது என்பதைக் கவனிக்க வேண்டும்.

அடையாறில் அன்னி பெசன்ட்டோடு இருந்த பி.பி.வாடியாவை அழைத்து வந்தார்கள். 1918 ஏப்ரல் 27ஆம் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாடியா தலைவர். வாரந்தோறும் பெரம்பூருக்கு வந்து அவர் ஆங்கிலத்தில் பேசுவார். அது தமிழில் சொல்லப்படும். ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் தரையில் உட்கார்ந்து கேட்பார்கள். அந்தப் பேச்சுகள் 1921இல் 'லேபர் இன் மெட்ராஸ்' என்ற நூலாக வந்தன. சாப்பாட்டு நேரத்தைக் கொஞ்சம் நீட்டித் தருவதுபோன்ற சின்னக் கோரிக்கைகள்தான் முதலில். ஆனால் கோரிக்கை வைக்கவே உரிமை உண்டு என்பதை நிர்வாகம் ஏற்கவில்லை.

1920இல் கதவடைப்பு வந்தது. பின்னி கம்பெனி வாடியாமீதும் மற்றவர்கள்மீதும் உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. தொழிலாளரைத் தூண்டி ஒப்பந்தத்தை மீறச் செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. நீதிமன்றம் தடையாணை தந்தது. சங்கம் அமைப்பதே சட்டப்படி ஆபத்தான காரியம் என்று நாடு முழுவதும் அப்போதுதான் உறைத்தது. தொழிற்சங்கத் தலைவர் என்.எம்.ஜோஷி மத்திய சட்டசபையில் இதை எழுப்பினார். அதன் விளைவுதான் 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம். பதிவு பெற்ற சங்கத்தின் தலைவர்மேல், வேலை நிறுத்தத்தைத் தூண்டினாய் என்று முதலாளி நட்டஈட்டு வழக்குப் போட முடியாது என்று அதன் 18ஆவது பிரிவு சொன்னது. இன்றைக்குத் திருப்பெரும்புதூரிலோ ஓரகடத்திலோ சங்கப் பலகை தொங்குகிறது என்றால், அந்தப் பலகையின் ஆணி பெரம்பூரில் அடிக்கப்பட்டது. 2024இல் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் 37 நாள் வேலை நிறுத்தம் செய்ததும், சங்கத்தைப் பதிவு செய்து கொடு என்ற கோரிக்கையை முன்வைத்துத்தான். நூறாண்டு கழிந்த பிறகும் பதிவுக்கே போராட வேண்டியிருந்தது.

இதுவரை சொன்னது பெருமைக்குரிய பகுதி. நம்முடைய மேடைகள் பெரும்பாலும் இதோடு நிறுத்திக்கொள்கின்றன. நான் அதற்கு அடுத்த பக்கத்தைப் புரட்ட விரும்புகிறேன்.

1921இல் மீண்டும் வேலை நிறுத்தம். மாதக்கணக்கில் நீண்டது. சாதி இந்துத் தொழிலாளர்களும் முஸ்லிம் தொழிலாளர்களும் பெருமளவில் வெளியே நின்றார்கள். ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் மிகப் பலர் வேலைக்குத் திரும்பினார்கள். அவர்களைக் கருங்காலிகள் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. அப்படிச் சொன்னவர்களும் உண்டு. ஆனால் அவர்கள் நிலையை யோசித்துப் பாருங்கள். கையில் சேமிப்பு இல்லை. ஊரில் நிலம் இல்லை. வேலை நிறுத்தக் காலத்தில் கிராமத்துக்குப் போய்க் காணியில் கஞ்சி குடிக்கிற வழி இல்லை. கடன் கொடுக்கிற கடைக்காரர்கூட இல்லை. சங்கத்தில் தங்களுக்கு என்ன இடம் என்பதும் அவர்களுக்குத் தெரியும். மில்லுக்குள் ஒரே தறியில் வேலை செய்தவர், வெளியே வந்ததும் சேரிக்கு ஒரு வழி, ஊருக்கு ஒரு வழி என்று பிரிந்து போன காலம். அவர்களுக்குப் பாதுகாப்புத் தருகிறோம் என்று நிர்வாகமும் அரசும் அழைத்தன. அதில் சூது இருந்திருக்கலாம். அந்தச் சூது பலித்தது எதனால்? அவர்களை அதற்கு முன்பே தனியாக நிறுத்தியிருந்ததால்தான்.

அதன்பின் நடந்தது இந்த நகரின் வரலாற்றில் கறுப்புப் பக்கம். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. கலவரம் மூண்டது. காவல்துறை சுட்டது. உயிர்கள் போயின. அக்டோபருக்குள் வேலை நிறுத்தம் தோற்றது. வாடியா அதற்கு முன்பே விலகியிருந்தார். அரசு ஆதிதிராவிடர்களுக்குச் செல்லம் கொடுப்பதுதான் காரணம் என்று நீதிக்கட்சித் தலைவர்களே பேசினார்கள். ஆதிதிராவிடத் தலைவர் எம்.சி.ராஜா மனம் கசந்து சில ஆண்டுகளில் அந்தக் கட்சியை விட்டே வெளியேறினார். பிராமணரல்லாதார் ஒற்றுமை, தொழிலாளர் ஒற்றுமை என்ற இரண்டு பெரும் கனவுகளும் ஒரே புளியந்தோப்பில் விரிசல் கண்டன. இந்தத் தோல்வியை நாம் போதிய அளவு பேசவில்லை என்பது என் துணிபு. நகரத்தின் ஒவ்வொரு சமூக நீதி இயக்கமும் பின்னாளில் இதே இடத்தில்தான் இடறியது: எல்லோருக்காகவும் பேசுகிறோம் என்பார்கள், அடியிலே கிடப்பவர்களிடம் கேட்டுப் பேசமாட்டார்கள்.

போராடுகிறவர்கள் நிற்கும் இடத்தைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். அது இல்லாமல் நடைபாதையின் கதை முழுமை பெறாது.

சென்னையில் குறையைச் சொல்லக் கடற்கரை இருந்தது. 1907இல் பிபின் சந்திர பாலர் பேசினார். திலகர் பெயரால் ஒரு திடலே உண்டானது. 1923 மே 1ஆம் தேதி சிங்காரவேலர் இந்தியாவிலேயே முதன்முதலாக மே தினம் கொண்டாடினார். திருவல்லிக்கேணிக் கடற்கரையில் ஒரு கூட்டம், உயர் நீதிமன்றத்துக்கு எதிரே ஒரு கூட்டம். பின்னாளில் அரசியல் மாநாடுகளின் குரல் சீரணி அரங்கத்திலிருந்து எழுந்தது. உழைப்பாளர் சிலையும் அந்த மணலில்தான் நிற்கிறது. தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்து, 1959இல் நிறுவப்பட்டது. நான்கு பேர் ஒரு பாறையைப் புரட்டுகிறார்கள். இன்று அந்தச் சிலையின் அடியில் நான்கு தொழிலாளர்கள் பதாகை பிடித்தால் வேனில் ஏற்றுவார்கள்.

2003இல் சீரணி அரங்கம் இடிக்கப்பட்டது. அதே காலத்தில் மெரினாவில் கூட்டம், ஆர்ப்பாட்டம் எதற்கும் அனுமதி இல்லை என்றாயிற்று. 2017 ஜனவரி 17 முதல் ஒரு வாரம் அந்தத் தடை தானாகவே உதிர்ந்தது. சல்லிக்கட்டுக்காக இலட்சக்கணக்கானோர் மணலில் அமர்ந்தார்கள். 23ஆம் தேதி கலைத்தபோது அடி வாங்கியவர்களில் பலர் மாணவர்கள். அவர்களுக்கு ஓட வழிகாட்டியவர்கள், தண்ணீர் கொடுத்தவர்கள் பக்கத்துக் குப்பத்து மக்கள். அதற்கு விலையாக நடுக்குப்பம் மீன் சந்தை எரிந்துபோனது. கூடை, தராசு, பலகை, அன்றைய மீன் எல்லாம் சாம்பல். மாணவர்கள் வீடு போய்ச் சேர்ந்தார்கள்; மீன் விற்ற பெண்களுக்கு மறுநாள் பிழைப்பு இல்லை. அந்தக் குப்பங்களுக்கு இது புதிதல்ல. 1985இல் கடற்கரையை அழகுபடுத்தக் கட்டுமரங்களையும் வலைகளையும் அப்புறப்படுத்த முயன்றபோதும் எதிர்த்து நின்று துப்பாக்கிச் சூட்டைச் சந்தித்தவர்கள் அவர்கள். 2023இல் நொச்சிக்குப்பம் இணைப்புச் சாலையோர மீன் கடைகளை அகற்றியபோதும் அந்தப் பெண்கள் சாலையை மறித்து நின்றார்கள். கடற்கரை பொதுவிடம் என்கிறோம். அதில் ஆண்டாண்டாய் வாழ்கிறவர்களுக்குத்தான் அது கடைசியாகப் பொதுவாகிறது.

2018இல் விவசாயிகள் தலைவர் அய்யாக்கண்ணு காவிரி மேலாண்மை வாரியத்துக்காக மெரினாவில் உண்ணாவிரதம் இருக்க அனுமதி கேட்டார். தனி நீதிபதி ஒருநாள் அனுமதி தந்தார். இரு நீதிபதிகள் அமர்வு அதை ரத்துசெய்தது. இடத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் அரசுக்கு உண்டு என்பது அதன் சாரம். சரி, வேறு எங்கே நிற்பது? சேப்பாக்கம் விருந்தினர் மாளிகை அருகே, வள்ளுவர் கோட்டம் அருகே, எழும்பூர் இராசரத்தினம் மைதானம் அருகே. அங்கும் முறை உண்டு. இந்த முறையை ஒருமுறையாவது அனுபவித்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு நுட்பமான சுவர் என்று தெரியும்.

1888ஆம் ஆண்டின் சென்னை நகரக் காவல் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. விக்டோரியா மகாராணி காலத்தது. அதன் 41ஆவது பிரிவின்படி காவல் ஆணையர் கூட்டங்களுக்கும் ஊர்வலங்களுக்கும் தடை விதிக்கலாம்; அரசின் ஒப்புதல் இல்லாமல் அந்தத் தடை 15 நாளுக்கு மேல் நீடிக்கக் கூடாது. நெருக்கடிக் காலத்துக்காக எழுதப்பட்ட பிரிவு. ஆனால் 15 நாள் முடிந்ததும் அடுத்த 15 நாளுக்கு ஒரு புதிய ஆணை என்று போய்க்கொண்டே இருக்கிறது. ஆக, இந்த நகரத்தில் கூடுவது எப்போதும் தடை செய்யப்பட்டது, அனுமதிதான் விதிவிலக்கு. ஐந்து நாள் முன்பே மனுக் கொடுக்க வேண்டும். எத்தனை பேர், எந்த மணி முதல் எந்த மணி வரை, மைக் செட் உண்டா, யார் பேசுவார்கள், பொறுப்பு யார் என்று எழுத வேண்டும். பல நேரம் மறுப்புக் கடிதம் முதல்நாள் மாலையில்தான் கைக்கு வரும். நீதிமன்றத்துக்கு ஓட நேரம் இருக்காது. மீறி நின்றால் வேனில் ஏற்றி ஏதாவது ஒரு சமூகநலக் கூடத்திலோ கல்யாண மண்டபத்திலோ அடைத்து, மத்தியானம் ஒரு சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்து, மாலையில் விட்டுவிடுவார்கள். வழக்கு மட்டும் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். கட்சிக்காரர்களுக்கு இது பழகிப்போன சடங்கு. தினக்கூலிப் பெண்ணுக்கு ஒருநாள் கூலி போகும். அடுத்த நாள் வேலையே போகலாம்.

1972இல் ஹிமத்லால் ஷா வழக்கில் உச்ச நீதிமன்றம், பொதுத் தெருவில் கூட்டம் நடத்துவதை அதிகாரிகள் தம் விருப்பம்போல் முழுவதுமாகத் தடுத்துவிட முடியாது, நியாயமான ஒழுங்குபடுத்தல்தான் செய்யலாம் என்று சொல்லியிருக்கிறது. மாதத்துக்கு இருமுறை புதுப்பிக்கப்படும் நிரந்தரத் தடை நியாயமான ஒழுங்குபடுத்தலா? நான் சட்டம் படித்தவன் அல்லன். ஆனால் படித்தவர்கள் இந்த அரங்கில் நிறையப் பேர் இருக்கிறார்கள். இந்தக் கேள்வியை அவர்கள் கையில் வைக்கிறேன்.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2000ஆம் ஆண்டிலிருந்து கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய்க் கரைகளில் இருந்த குடும்பங்கள் ஆயிரமாயிரமாய்க் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும், பிறகு பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோகப்பட்டன. வேலையும் பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் எட்டாத தூரம் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். போராட்டமும் எட்டாத தூரம் என்பதை யாரும் சொல்வதில்லை. வியாசர்பாடியில் இருப்பவள் ரிப்பன் மாளிகைக்கு நடந்தே வந்துவிடுவாள். பெரும்பாக்கத்தில் இருப்பவள் இரண்டு பேருந்து மாற வேண்டும். மறியலுக்கு வந்தால் பிள்ளைக்குச் சோறு யார் வைப்பது? ஏழையை நகரத்தின் விளிம்புக்குத் தள்ளும்போது அவள் குரலும் அங்கேயே நின்றுவிடுகிறது.

இத்தனையும் தெரிந்த பின்பு அந்த நடைபாதையைப் பாருங்கள். அந்தப் பெண்கள் சேப்பாக்கத்துக்குப் போகாமல் ரிப்பன் மாளிகை வாசலுக்கு ஏன் வந்தார்கள்? கூலி கொடுத்தவர் அந்தக் கட்டடத்தில் இருக்கிறார். கையெழுத்துப் போடுகிறவரின் கார் அந்த வாசலில்தான் நுழைய வேண்டும். மில் வாசலில் தொழிலாளி நிற்பதைப் போன்றதுதான் இது. மில் வாசலை விட்டுவிட்டு மூன்று மைல் தள்ளி நின்று கோஷம் போடு என்று 1918இல் சொல்லியிருந்தால் சங்கம் பிறந்திருக்குமா? நடப்பவர்களுக்கு நடைபாதை வேண்டும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்த நடைபாதையைத் தினமும் கூட்டிச் சுத்தம் செய்கிறவர்கள் 13 நாள் அதில் உட்கார்ந்ததை இடையூறு என்ற ஒற்றைச் சொல்லால் அளந்துவிட முடியாது.

அங்கே 1921இன் கணக்கு ஒன்று நேராகிக்கொண்டிருந்ததையும் சொல்ல வேண்டும். அன்று யாரை வெளியே நிறுத்திவிட்டுச் சங்கம் தோற்றதோ, அந்தச் சேரிகளின் பேத்திகளும் கொள்ளுப் பேத்திகளும் இன்று சங்கத்தின் கொடியைத் தாங்களே பிடித்திருந்தார்கள். மைக்கை அவர்களும் பிடித்தார்கள். எத்தனை ஆண்டு வேலை, எத்தனை நாள் கூலி, எந்த ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று புள்ளிவிவரத்தோடு பேசினார்கள். எழுத்தாளர்கள், வழக்கறிஞர்கள், மாணவர்கள், சில திரைக் கலைஞர்கள் போய்க் கூட உட்கார்ந்தார்கள். ஆனால் நகரத்தின் மற்றத் தொழிலாளர்கள்? பெருந்தொழிற்சாலைச் சங்கங்களும் வங்கி ஊழியர் சங்கங்களும் ஆசிரியர் சங்கங்களும் அறிக்கை விட்டதோடு நிற்காமல், ஒருநாளாவது நேரில் வந்து அந்தச் சாலையை நிறைத்திருந்தால், அந்த நள்ளிரவு அப்படி நடந்திருக்காது என்று நான் நம்புகிறேன். நிரந்தர வேலையில் இருப்பவர் ஒப்பந்த வேலையில் இருப்பவரைத் தம்மில் ஒருவராகப் பார்க்கத் தயங்குவதும், ஊர்த்தெரு சேரியைப் பார்த்த பழைய பார்வையும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

குப்பை அள்ளும் பணி சென்னையில் தனியாருக்குப் போனது நேற்றைய கதையல்ல. 2000இல் ஓனிக்ஸ் வந்தது. பிறகு நீல் மெட்டல் வந்தது. பிறகு வேறு நிறுவனங்கள். ஒவ்வொரு முறையும் சீருடையின் நிறம் மாறியது. வண்டியின் பெயர் மாறியது. கூட்டுகிற கை மாறவில்லை. எந்தக் கட்சி ஆண்டாலும் இதுவே நடந்தது. எனவே இதை ஒரு கட்சியின் குற்றமாகச் சுருக்கிவிட்டு மற்றொரு கட்சி கைதட்டல் வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

செய்யக் கூடியவை சில உண்டு. 41ஆவது பிரிவின்படி போடப்படும் தொடர் தடையாணைகளை எதிர்த்து நகரத்தின் எல்லாச் சங்கங்களும் சேர்ந்து ஒரே வழக்காக நீதிமன்றம் போகலாம். தனித்தனியே ஒவ்வோர் ஆர்ப்பாட்டத்துக்கும் ஓடுவதில் பயனில்லை. ரிப்பன் மாளிகை வளாகத்துக்கு உள்ளேயே, மாநகராட்சி ஆணையர் அறையிலிருந்து பார்த்தால் தெரிகிற தூரத்தில், மாநகராட்சி ஊழியர்களும் குடிமக்களும் அமர்ந்து முறையிட ஓர் இடத்தை மாமன்றம் தீர்மானம் போட்டு ஒதுக்கலாம். 2022இல் வார்டு குழுக்களுக்கும் பகுதி சபைகளுக்கும் விதிகள் வந்துவிட்டன. பகுதி சபைகள் கூடுகின்றன. அங்கே தெருவிளக்கு, சாக்கடை, குடிநீர் பேசுகிறோம். நம் தெருவைக் கூட்டுகிற பெண்ணுக்கு யார் கூலி தருகிறார்கள், எவ்வளவு தருகிறார்கள், வைப்புநிதி கட்டுகிறார்களா என்பதையும் அங்கேதான் கேட்க வேண்டும். பெரம்பூரில் குடியிருக்கிற நண்பர்கள் இந்த அரங்கில் பலர் உண்டு. உங்கள் வார்டின் அடுத்த பகுதி சபைக்குப் போகும்போது, உங்கள் தெருவின் தூய்மைப் பணியாளரையும் உடன் அழைத்துப் போய் முதல் வரிசையில் உட்காரச் சொல்லுங்கள். ஒப்பந்த நகலை மேசைமேல் வைக்கும்படி மாமன்ற உறுப்பினரைக் கேளுங்கள். தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட ஒரு பத்து ரூபாய் போதும்.